ஸ்டூடியோ வாசலில் தொங்கிய கோட்டு

ஹாலிஎல பஸ் கிளம்புகிற பாடில்லை. எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் போனில் பதுளை பஜாரின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, இந்தப் படத்துல பாருங்க, உங்க கோட்டு ஸ்டூடியோ வாசல்ல தொங்குது!"

"என் கோட்டா?"

"பொண்ணு கேட்டு போட்டோ அனுப்புனீங்களே, அதுல போட்டிருந்தது. அதே கிழிஞ்ச பை. சொந்தக் கோட்டுன்னு சொன்னீங்க! கோட்டு போட்ட மாப்பிள்ளைன்னு எங்க தோட்டத்து லயமே பேசிச்சு. அதை நம்பித்தான் சம்மதிச்சேன்."

அவர் போனைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"சரி புள்ள, பதிலுக்கு நீ அனுப்புன போட்டோவுல கழுத்து நெறைய சங்கிலி இருந்துச்சே. கல்யாணத்துக்கு அப்புறம் அதக் கண்ணுலயே காணோமே?"

"அதுவும் அந்த ஸ்டூடியோவோடதுதாங்க. உள்பக்க ஆணியில தொங்கிச்சு."

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். அப்போதும் பஸ்ஸை எடுக்கவில்லை.