வாசலில் சிக்கிய கூண்டு

ஹலோ... ஹலோ, மாமா? நான்தான்... ஆமா, கோர்ட்டுல இருந்துதான். அக்காகிட்ட குடுக்காதீங்க, அவகிட்ட அப்புறம் பேசிக்கிறேன்...

இல்ல இல்ல, கைதியை உட்கார வைக்க நீங்க செஞ்ச கூண்டு நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி பளபளன்னு இருக்கு. ஆனா வாசல்ல இருக்கு... ஆமா மாமா, வாசல்லதான். பாதி உள்ள, பாதி வெளிய. உங்க ஆளுங்க தள்ளிப் பார்த்தாங்க, இழுத்துப் பார்த்தாங்க, இப்ப டீ குடிக்கப் போயிட்டாங்க.

ஹாலை அளந்தீங்க, சரி. கதவை அளந்தீங்களா?... என்ன, 'அது வந்து'?

கத்தாம என்ன செய்ய? "எங்க அக்கா வீட்டுக்காரர் கண்ணாடி வேலையில கில்லாடி சார்"னு ஜட்ஜ்கிட்ட சொன்னதே நான்தானே!

சும்மா ஒரு பெட்டியா? நல்லாச் சொன்னீங்க! மாமா, இது அந்தக் குண்டுவெடிப்பு கேஸ். ஒருத்தனைச் சந்தேகத்துல பிடிச்சு ரெண்டு வருஷமா ராணுவ முகாம்ல வச்சிருக்காங்க. ஒரு விசாரணைகூட நடக்கல. இந்த மாதிரி ஆளைச் சாதாரணக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தா ஆபத்து, ராணுவக் கோர்ட்டுக்கே விட்டுடுங்கன்னு அரசு வக்கீல் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. கூண்டு போட்டாவது இங்கயே விசாரிக்கிறேன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு. இன்னைக்குக் கூண்டு இல்லைன்னா... ஆமா, திரும்ப முகாம்தான். அங்க கதவைச் சாத்திட்டுதான் விசாரிப்பாங்க. சொந்தமா வக்கீல்கூட வச்சுக்க முடியாது. அவன் தங்கச்சி காலையிலேயே வந்து முதல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. பாவமா இருக்கு.

அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தானே கோர்ட்டு!

சரி, அதை விடுங்க. சாவி எங்க?... கூண்டுச் சாவிதான், ரெண்டு கதவுக்கும்... உங்க சட்டைப் பையிலயா? போச்சு! உள்ள ஆள் இருக்கு மாமா... இல்ல, அவன் இல்ல. அரசு வக்கீல்.

சிரிக்காதீங்க!

வாசல் அடைஞ்சு கிடக்கில்ல? பின்வாசல் ஜட்ஜுக்கும் கைதிக்கும்தான்னு போலீஸ் விடல. "கூண்டுலதான் ரெண்டு பக்கமும் கதவு இருக்கே, புகுந்து போயிடறேன்"னு நுழைஞ்சாரு. பின்னால கதவு தானா பூட்டிக்கிச்சு. முன்கதவும் திறக்கல... ஆமா, அந்தப் பூட்டுதான் வேணும்னு கேட்டதே அவர்தான்.

மூச்சுக்கு ஒண்ணும் இல்ல, மேல துளை போட்டிருக்கீங்களே. ஏதோ பேசறாரு, வாய் அசையுது. ஒரு வார்த்தை புரியல...

உஷ், ஜட்ஜ் வந்துட்டாரு. மெதுவாப் பேசறேன், ஹாலை ஒட்டின என் ஆபீஸ் ரூம் கதவுகிட்டதான் நிக்கிறேன்... கூண்டுகிட்ட போறாரு... கண்ணாடியில காதை வைக்கிறாரு. "ஒண்ணும் கேக்கலையே"ங்கறாரு.

அவனோட வக்கீலம்மா எழுந்துட்டாங்க... "ஐயா, இதைத்தான் போன வாரமே சொன்னேன். இதுக்குள்ள உட்கார வச்சா சாட்சி சொல்றது அவனுக்குக் கேக்காது, அவன் சொல்றது எனக்குக் கேக்காது"ங்கறாங்க... உங்க மேல தப்பில்ல மாமா, கனமான கண்ணாடிதான் கேட்டாங்க...

இருங்க இருங்க... மாமா! கூண்டே வேணாமாம்! அவனுக்கு வக்கீலம்மா பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்றாரு ஜட்ஜ். பின்னால ரெண்டு போலீஸ் நின்னா போதுமாம்... ஆமா, இங்கயேதான் விசாரணை!

அரசு வக்கீலா? கையைக் கையை ஆட்டறாரு. முன்னாடியே ஹாலுக்குள்ள வந்திருந்த அவரோட ஜூனியர்கிட்ட "ஆட்சேபணை உண்டா?"ன்னு ஜட்ஜ் கேட்டாரு. ஜூனியர் கூண்டைப் பார்த்தாரு, ஜட்ஜைப் பார்த்தாரு, "இல்லீங்க ஐயா"ன்னுட்டாரு.

நாற்காலி போட்டாச்சு, எங்க ப்யூன் போட்டுட்டாரு. நீங்க சாவியை எடுத்துட்டுக் கிளம்புங்க...

அவனைக் கூட்டிட்டு வர்றாங்க மாமா. ரொம்ப ஒல்லியா இருக்கான்... விலங்கைக் கழட்டிட்டாங்க. நாற்காலியில உட்காரவே யோசிக்கிறான்... தங்கச்சியா? அழல. அவனையே பார்த்துக்கிட்டிருக்கா.

ஜட்ஜ் அவன்கிட்ட, "உங்க பேரு என்னங்க?"ங்கறாரு...

சொல்லிட்டான். மெல்லத்தான் சொன்னான். இங்க வரைக்கும் கேட்டுச்சு மாமா.

வைக்கிறேன்.