ஆறு கோப்பை, ஒரு மூக்கு

"ஹலோ... ஹலோ, கேக்குதாங்க? ... ஆமா, நான்தான். பின்னறையில இருந்து வேற யாரு கூப்பிடப் போறா? ... சிரிக்காதீங்க. தண்ணி கொதிச்சிருச்சா? ... நல்லாத் தளதளன்னு கொதிக்கணும். சும்மா ஆவி வந்தாப் பத்தாது."

ஜீவராணி பேசிக்கொண்டிருந்தது தன் கணவன் தனுஷனோடு. அவன் இருந்ததோ அதே வீட்டின் அடுப்படியில், பதினைந்து அடி தள்ளி. நடுவே ஒரு பலகைக் கதவு. அதை அடைத்து மூன்று நாளாகிவிட்டது. 2021 ஓகஸ்ட் மாதம். ஊரடங்கு போட்டதும் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவளுடைய ஆய்வுக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். சொல்லி இரண்டு கிழமை ஆவதற்குள் நோய் கந்தப்பளைக்கு ஏறி வந்து, அவர்கள் வீட்டுக்கதவையும் தட்டிவிட்டது. அவளுக்குத் தொற்று, அவனுக்கு இல்லை. சுகாதாரப் பரிசோதகர் கேட்டில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அவள் பின்னறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். தொண்டை கட்டியிருந்ததால் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கத்திப் பேசவும் அவளால் முடியவில்லை. அதனால்தான் போன்.

"கோப்பை ஆறையும் வரிசையா வச்சிட்டீங்களா? ... ஆமா, ஆமா, அந்த வெள்ளைக் கோப்பைதான். ... கல்யாணத்துக்கு வந்த செட்டா? எதுவா இருந்தா என்ன, ஒரே அளவா இருந்தாச் சரி. ... ஒவ்வொரு பாக்கெட்லயும் நிறுத்து வச்சிருக்கேன், அப்பிடியே கொட்டுங்க. ... இல்லங்க, சீனி போடக் கூடாது. ... பாலும் கூடாது. ... தெரியும், உங்களுக்குச் சீனி இல்லாம எறங்காதுன்னு. உங்களைக் குடிக்கச் சொல்லல. சத்தமா உறிஞ்சி வாய்க்குள்ள சுத்திட்டுத் துப்புங்க. ... எங்கயா? சிங்க்லதான்."

தேயிலையின் வாசனையையும் ருசியையும் அளந்து எழுதுவதுதான் ஜீவராணியின் வேலை. தலவாக்கலைப் பக்கத்துச் சோதனைத் தோட்டத்தில் ஒன்பது வருஷமாகப் புதிய தேயிலைச் செடி ஒன்றை வளர்த்து வந்தார்கள். அதைத் தோட்டங்களுக்குக் கொடுக்கலாமா, பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாமா என்பதை ஐந்து பேர் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரடங்கு என்பதால் ஐவர் வீட்டுக்கும் ஆறு ஆறு வகைத் தேயிலை பொட்டலத்தில் வந்திருந்தது. பெயர் கிடையாது, வெறும் எண். இன்றைக்குப் பதினொரு மணிக்குள் மதிப்பெண் போய்ச்சேர வேண்டும். ஐவரில் ஜீவராணியின் மூக்கைத்தான் மற்றவர்கள் ஆகக் கூடுதலாக நம்பினார்கள்.

அந்த மூக்குதான் போய்விட்டது. கதவை அடைத்த அன்று காலையில் பல் விளக்கும்போது பற்பசைக்கு மணமே இல்லை. வேப்பெண்ணெய், கற்பூரம், அவன் கழற்றிப் போட்ட சொக்ஸ் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தனுஷனைத் தவிர வேறு யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. அவன் டவுனில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். கராஜ் பூட்டிக் கிடந்தது. அவன் மூக்கு சும்மாதான் இருந்தது.

"ஆறு நிமிஷம் ஆயிருச்சா? ... இப்ப வடிங்க. ... முதல்ல நானூத்திப் பதினேழு. மூக்கைக் கிட்டக் கொண்டு போங்க. ... ம். ... என்னது? ... கிளச் பிளேட் கருகின வாசமா? ... ஏங்க, அதை நான் எப்பிடி எழுதுறது? ... இல்ல, இல்ல, நில்லுங்க. கருகினதுன்னா காய வைக்கிறப்ப சூடு கூடிப் போச்சுன்னு அர்த்தம். சரியாத்தான் சொல்றீங்க. எழுதிட்டேன். ... அடுத்தது எரநூத்தி அறுவத்தி மூணு. ... மெதுவா, அவசரம் இல்ல. ... ம். ... ம். ... மழை விட்ட பொறகு பேரிக்கா மரத்தடியில நிக்கிற மாதிரியா? ... நீங்க எப்பங்க பேரிக்கா மரத்தடியில நின்னீங்க? ... என்னையப் பாக்க வந்தப்பவா? ... போதும், போதும். அதையெல்லாம் மார்க் ஷீட்ல போட முடியாது."

சொல்லிக்கொண்டே 'பழவாசனை, மென்மை, எட்டு' என்று எழுதினாள். அவளுக்குக் கன்னம் சூடானது காய்ச்சலால் அல்ல.

"எண்ணூத்தி அம்பது? ... ஈரச் சாக்கு. சரி. ... ஐநூத்தி முப்பத்தெட்டு? ... ஒண்ணுமே இல்லையா? ... நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ... ஓ, இருக்கிறதே தெரியாத மனுசன் மாதிரி. சரி, புரியுது. ... நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு? ... புல்லு வெட்டுன வாசமா, நல்லது. ... கடைசி, எழுநூத்தி நாப்பத்தி நாலு. ... என்னங்க? ... திரும்பவும் பேரிக்கா மரமா? ... அது எப்பிடிங்க? அதைத்தானே எரநூத்தி அறுவத்தி மூணுக்குச் சொன்னீங்க. கோப்பையை மாத்தி வச்சிட்டீங்க. ... வைக்கலையா? ... பாக்கெட்டை மாத்திக் கொட்டிட்டீங்களா? ... அதுவும் இல்லையா? ... சத்தியமெல்லாம் பண்ண வேணாம். இருங்க, ஒண்ணு செய்யுங்க. கோப்பைக்கு அடியில நம்பரை ஒட்டுங்க. ... ஆமா, கராஜ் டேப்பே போதும். கண்ணை மூடிக்கிட்டு ஆறையும் இடம் மாத்தி வைங்க. இப்ப மோந்து பாத்து அந்த ரெண்டையும் தனியா எடுங்க. ... எடுத்தாச்சா? திருப்பிப் பாருங்க. ... ம். ... இன்னொரு தடவை. ... ம். ... இன்னும் ஒரே ஒரு தடவைங்க. ... அதே ரெண்டுதானா?"

ஜீவராணி பேனாவைக் கட்டிலில் வைத்தாள். இப்படியான ஒவ்வொரு சோதனையிலும் ஒரே தேயிலையை இரண்டு எண்களில் ஒளித்து அனுப்புவார்கள். ருசி பார்ப்பவர் உண்மையாகவே ருசி பார்க்கிறாரா, வாய்க்கு வந்ததை எழுதுகிறாரா என்று பிடிப்பதற்கு. போன வருஷம் மற்றவர்களுக்கு அப்படி ஒளித்து வைத்ததே அவள்தான். மூன்று நாள் பயத்தில் அது நினைவிலேயே இல்லை. சோதனையில் தேறிய மூக்கு அடுப்படியில் இருந்தது. தாளின் மேலே அச்சாகியிருந்ததோ அவளுடைய பெயர்.

"ம்? ... இருக்கேங்க, லைன்லதான் இருக்கேன். ... ஒண்ணுமில்ல. ... நீங்க ஒரு தப்பும் பண்ணல. சரியாப் பண்ணிட்டீங்க, அதான். ... இல்லங்க, இதை நான் அனுப்பப் போறதில்ல. காலையில எனக்குச் சின்ன விசயமாத் தெரிஞ்சிச்சு. யாரு மூக்கா இருந்தா என்ன, நம்ம வீட்டு மூக்குதானேன்னு. ... அது பொய்யிங்க. ஒம்பது வருசமா விடியக்காலமே பெரட்டுல பேர் குடுத்து, வெயில்லயும் மழையிலயும் அந்தச் செடியப் பாத்துக்கிட்ட ஆளுங்க இருக்காங்க. ... ஆமா. ... ஆமா, பயம்தான். மூக்கு வராமலே போச்சுன்னா? படிச்சதெல்லாம் இதை நம்பித்தானே. மூணு நாளா தேத்தண்ணியே குடிக்கலங்க நான். ... நீங்க தந்ததையா? ஜன்னலால ஊத்திட்டேன். வாயில வச்சு அதுவும் வெறும் சுடுதண்ணியா இருந்திட்டா என்ன செய்யிறது... ... என்ன? ... கராஜுக்கா? ஸ்பானர் எடுத்துக் குடுக்கவா? ... எனக்குப் பன்னெண்டாம் நம்பர் எது, பதினாலாம் நம்பர் எதுன்னே தெரியாதே."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகியது. அதற்குள் போனில் இன்னொரு அழைப்பு வந்தது.

"இருங்க, ஷிஹாம் சேர் எடுக்குறாரு. ... வச்சிருங்க, நான் திரும்ப எடுக்கிறேன். ... ஆமா, உள்ளதைத்தான் சொல்லப் போறேன்."

ஷிஹாம் அவள் பிரிவின் தலைவர். போன் இரண்டு தடவை அடிக்கும் வரை அவள் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள்.

"ஹலோ, சேர். ... ஆமா சேர், பத்து நாப்பதாச்சு, தெரியும். ... இல்ல, அனுப்பல. அனுப்பவும் முடியாது சேர். எனக்கு வாசம் தெரியல. ... மூணு நாளா. ... ஆமா, அன்னைக்கே சொல்லியிருக்கணும். ... ஆமா சேர். ... தப்புத்தான். ... என்னோட வேலையே அதுங்கிறதால சொல்ல வாய் வரல சேர். ... யாருக்கு? ... செரீபாவுக்குமா? எப்ப இருந்து? ... அவங்களும் இப்பதான் சொன்னாங்களா? ... அப்ப அஞ்சுல ரெண்டு மூக்கு லீவு. ... மன்னிச்சிருங்க, சிரிக்கக் கூடாதுதான். ... ஓ, நீங்களும் சிரிக்கிறீங்களா? ... தள்ளி வைக்கிறதா? எவ்வளவு நாள்? ... ஒரு மாசம். ... செடியப் புடுங்கிற மாட்டாங்களே சேர்? ... நல்லது சேர், ரொம்ப நல்லது. ... புது நம்பர் போட்டுப் புதுசா அனுப்புவீங்களா? அப்ப ஒண்ணு கேக்கலாமா? இந்த ஆறுல எரநூத்தி அறுவத்தி மூணும் எழுநூத்தி நாப்பத்தி நாலும் ஒரே தேயிலையா? ... இல்ல, நான் கண்டுபிடிக்கல. என் வீட்டுக்காரர். ... மெக்கானிக், சேர். ... ஆமா, உங்க வேனுக்கு பிரேக் சரி பண்ணிக் குடுத்தாரே, அவரேதான். ... அப்பிடியா? ... மத்த மூணு பேரும் பிடிக்கலையா? ... சரி சேர். ... இல்ல, அவர்கிட்ட சொல்றேன். கொஞ்சமாச் சொல்றேன். ... சரி, உடம்பப் பாத்துக்கிறேன் சேர். வைக்கிறேன்."

சுவரில் சாய்ந்து ஒரு நீண்ட மூச்சு விட்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக அது நெஞ்சுவரைக்கும் போய் வந்தது. உடனே அடுப்படியைக் கூப்பிட்டாள்.

"ஹலோ. ... சொல்லிட்டேன். ... திட்டுனாரு, கொஞ்சம். செரீபாவுக்கும் மூக்கு போயிருச்சாம். எல்லாத்தையும் ஒரு மாசம் தள்ளி வச்சிட்டாங்க, செடிக்கு ஒண்ணும் ஆகாது. ... இருங்க, உங்க சங்கதிக்கு வாறேன். அந்த ரெண்டும் ஒண்ணேதானாம். ... ஆமா. ... ஆமாங்க, மத்த மூணு பேரும் பிடிக்கல. ... இந்தா பாருங்க, இதுக்குத்தான் சொல்ல யோசிச்சேன். அதுக்குள்ள போர்டு எழுதுறீங்க. ... 'கிளச், பிரேக், தேயிலை'யா? ... எழுதுங்க, எழுதுங்க. ... ம்? ... எனக்கு வேணாங்க. ... வேணாம். ... வாசலுக்கே கொண்டு வந்திட்டீங்களா? ... சரி, முக்காலியில வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி. ... ம், அங்கேயே."

முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். முக்காலியில் ஒரு வெள்ளைக் கோப்பை. அடுப்படியின் அந்தக் கோடியில், கழுத்தில் துவாயும் காதில் போனுமாக, சவரம் பண்ணாத முகத்தோடு தனுஷன் நின்றான். மூன்று நாளாக அவள் பார்க்காத முகம். கையை ஆட்டிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"எடுத்திட்டேன். ... ஆறித்தான் போயிருக்கு, பரவால்ல. ... இருங்க, குடிக்கிறேன். பேசாம இருங்க ஒரு நிமிசம்."

உறிஞ்சினாள். மூக்குக்குள் ஒன்றுமே வரவில்லை. அவள் பயந்தபடியே வெறும் தண்ணீர். இரண்டாவது தடவை உறிஞ்சி, வழக்கம்போல் வாய்க்குள் சுழற்றி, விழுங்காமல் வைத்திருந்தாள். நாக்கின் இரண்டு ஓரமும் மெல்ல இறுகின. கன்னத்தின் உட்பக்கம் சுருங்கிப் பிடித்தது.

"... இல்லங்க, வாசம் இல்ல. ... இல்ல, அது வரல. ஆனா நாக்கு பிடிக்குது. ... துவர்ப்புங்க. துவர்ப்பு தெரியுது. ... ஆமா, அதுக்கு மூக்கு வேணாம், எனக்கே மறந்து போச்சு பாருங்க. ... நல்லாப் பிடிக்குது. பத்துக்கு ஏழு போடலாம். ... இருங்க... ஏழரை. ... அழுவல, தொண்டை கட்டியிருக்குல்ல, அதான். ... எது இது, நூத்தித் தொண்ணூத்தி ரெண்டா? ... அடியில பாத்திட்டுச் சொல்றேன். ... ஆமா, அதுதான். சரி, மத்த அஞ்சையும் கொண்டாங்க. ... இப்பவேதான். ... சும்மாதாங்க, எனக்காக. யாருக்கும் அனுப்ப இல்ல. ... சீனி உங்க கோப்பைக்கு மட்டும். ... போனை வைங்க, ட்ரே தூக்க ரெண்டு கையும் வேணும்ல."