ஏரியல் இல்லாத செட்டு

— மூணாவது தபா மாமி. அதே வாக்கிடாக்கி செட்டு, அதே எடம், அதே பார்ட்டு. தோ, நீங்களே பாருங்க, கருகிக் கீது.

— அதைப் பார்த்து எனக்கு என்ன தெரியப்போறது, பாலு? சரியாகுமா ஆகாதா, அதைச் சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து குடுத்தேன், இன்னிக்கு வெள்ளி. அபிராமபுரத்துலேர்ந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு இந்த வெயில்ல ரெண்டு பஸ். பன்னெண்டரைக்குள்ள போய் அவருக்குக் கஞ்சி குடுக்கணும்.

— மொதல்ல குந்துங்க. அந்த ஸ்டூலு ஆடும், செவுத்துப் பக்கமா சாஞ்சுக்கங்க. ஃபேன உங்க பக்கம் திருப்பறேன். நானும் பெரும்பாக்கத்துலேர்ந்து தான் வர்றேன், தெனம். கூவத்தாண்ட வூடு இருந்தப்போ லுங்கியோட நடந்து வந்து கட தொறப்பேன். இப்போ ஒன்ற மணி நேரம் பஸ்ஸுல நின்னுக்கினு வர்றேன். ஷட்டரத் தூக்கசொல்லவே அன்னிக்கு நாளு முடிஞ்சா மாதிரி ஆயிடுது.

— எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு. சொல்லுங்கோ, ஆகுமா?

— ஆவும். ஜோடியில இன்னொண்ணு கீதே, அதுனா நல்லா கீதா?

— அதுக்கென்ன கேடு. கூடத்துல அவர் நாற்காலி பக்கத்துல சும்மா கெடக்கு. யாரும் தொடறதில்லை. சாயங்காலம் ஆனா அதை எடுத்துச் சார்ஜர்ல வச்சுடுவார். சிவப்பு லைட்டு எரிஞ்சுண்டே இருக்கும், கண்ணை உறுத்தும். கரண்டுக்குத்தான் தண்டம்.

— சரி. மாமி, இந்தத் தபா நான் ஒண்ணு சொல்லியே ஆவணும். நீங்க வர்றதுக்கு மின்னாடி தான் உங்க வூட்ல வேம்பு சார்க்கு மெசேஜ் போட்டேன், மாமி வந்தா சொல்லிடப் போறேன்னு. இன்னும் பதில் வரல.

— என்னத்தைச் சொல்லப்போறேள்?

— இந்த செட்டு எரியறதுக்கு ஒரே காரணம் தான். ஏரியல மாட்டாம பட்டன அழுத்திப் பேசறது. பேசறது வெளிய போவணும் இல்ல? வழிய அடைச்சிட்டா அது எங்க போவும்? உள்ளயே திரும்பி, அனுப்புற பார்ட்ட சுட்டுடும். ஒரு தபா ரெண்டு தபா தாங்கும். தெனம் பண்ணா தாங்காது, சல்லிசு செட்டு. வேம்பு சார் மின்னாடி வெச்சிருந்த பெரிய செட்டு விலைக்கு இதுல அம்பது வாங்கலாம்.

— அதைத்தான் வித்து ஆஸ்பத்திரிக்குக் கட்டியாச்சே.

— இங்க புதுசா எத்தினி பேரு வர்றாங்க, காலேஜு பொண்ணுங்க, பேங்க்ல ரிட்டயரான பெருசுங்க. கையில காசு கம்மி, வூட்லேர்ந்தே ஊர்ல கீறவங்களோட ரேடியோவுல பேசற இந்த ஹாம் ரேடியோ ஆச மட்டும் நெறையா. அவங்களுக்கு இந்த செட்டு தான் விக்கிறேன். விக்கசொல்ல சார் சொன்னத தான் சொல்லி விக்கிறேன். ஏரியல மாட்டிட்டு தான் பேட்டரியே போடணும். இதுவரிக்கும் அவங்க யாரும் எரிக்கல. சொன்னவரு வூட்ல மூணு தபா எரியுது. அதான் எனக்குக் கஷ்டமா கீது.

— அவர் எரிச்சார்னா சொல்றேள்?

— கோச்சுக்காதீங்க. போன தபாவே எனக்குத் தெரியும். சார் தான் மெசேஜ் போட்டாரு, ஏன் எரிஞ்சுதுன்னு அவகிட்ட கேக்காத, சரி பண்ணி மட்டும் குடுன்னு. மறதியில பண்ணிடறாரு, வெக்கப்பட்டு மறைக்கிறாருன்னு நெனச்சேன். மூணாவது தபாவும் வந்ததும் பயமா போச்சு மாமி. நல்ல டாக்டரா பாத்து ஒரு வாட்டி இட்டுக்கினு போய்க் காட்டுங்க.

— பாலு, அவருக்குக் குரலே கெடையாது. தொண்டையில ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. கழுத்துல ஓட்டை, கையில சிலேட்டு. அவர் எங்கேர்ந்து பேசுவார்?

— கொரலு இல்லன்னா இன்னா, வெரலு கீதே. முப்பது வருஷம் காலைல ஏழு மணிக்கு மைக்க எடுத்தவரு. அடையாறு, தி.நகர், தாம்பரம்னு அத்தினி பேரும் அவரு கொரல கேட்டுட்டு தான் காப்பி குடிப்பாங்க. சும்மா அழுத்திப் பாக்குறாரோ இன்னாவோ. எங்க நைனா கடைசில இல்லாத சைக்கிள தொடச்சிக்கினு இருந்தாரு.

— அவருக்கு மறதியெல்லாம் இல்லை.

— மொதல்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க மாமி. நானும் ஒத்துக்கல.

— அவர் பேர்ல அப்படி ஒண்ணைச் சொல்லாதேங்கோ. ஏரியலைக் கழட்டறது நான்.

— நீங்களா?

— கழட்டறதும் நான், பேசறதும் நான்.

— இன்னாத்துக்கு மாமி?

— லைசென்ஸ் இன்னும் வரலையே.

— புரில.

— ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிட்டேன். அவர்தான் எழுதச் சொன்னார். இந்த ஜோடியை வாங்கி, சிலேட்டுல எழுதினார், "நான் எழுதறேன், நீ என் குரலாப் பேசு"ன்னு. அம்பத்தெட்டு வயசுல உக்காந்து படிச்சேன். எட்டு மாசம் ஆச்சு, காகிதம் வரலை. காகிதம் வராம பேசினா சட்டப்படி தப்புன்னு பாடத்துலயே இருக்கு. பேசிப் பழகாம இருந்தா வாய் வராதேன்னு கவலை. ஏரியலைக் கழட்டிட்டா வெளில போகாதோன்னோ, தப்பும் இல்லை, பழகினாப்பலயும் ஆச்சுன்னு நெனச்சேன்.

— அடக் கடவுளே.

— சிரிக்காதேங்கோ.

— சிரிக்கல மாமி. லைசென்ஸ் இல்லாம பேசறவன பாத்திருக்கேன், பத்து பேரு காட்டுவேன். லைசென்ஸ் இல்லன்னு ஏரியல கழட்டி வெச்சிட்டுப் பேசறவங்கள இன்னிக்கு தான் பாக்குறேன். சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?

— கேட்டிருக்கலாம். முதல்ல ஒரு வாரம் பழகத்தான் செஞ்சேன். இந்த நிலையம், அந்த நிலையம், கேக்கறதா, ஓவர். அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம போச்சு. பட்டனை அழுத்திண்டு சும்மா நிக்கறேன். வாய் தானா வேற என்னமோ பேச ஆரம்பிச்சுடுத்து.

— இன்னா பேசுவீங்க?

— எல்லாம்தான். மூணு மணிக்கு எழுந்து அவருக்குக் கழுத்துக் குழாய் சுத்தம் பண்ண முடியலை, இடுப்பு விட்டுப் போறதுன்னு. பொண்ணு புனேலேர்ந்து போன் பண்ணி, "அம்மா, அப்பாவை நன்னாப் பாத்துக்கோ"ங்கறா, என்னை யார் பாத்துப்பான்னு. கபாலி கோயிலுக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சுன்னு. ஒரு மார்கழிக் கச்சேரி கெடையாதுன்னு. அவர்கிட்ட இதெல்லாம் எப்படிச் சொல்றது? பதில் பேச முடியாத மனுஷன்கிட்ட சண்டை போட முடியுமா?

— அது முடியாது.

— போன்ல யார்கிட்டயாவது சொன்னா பரிதாபப்படறா. இதுல யாரும் இல்லை பாருங்கோ. சொன்னா போச்சு.

— சார்க்குக் கேக்காதா?

— அவர் கூடத்துல இருப்பார். நான் பின்னாடி வாஷிங் மெஷின் பக்கத்துல நின்னுப்பேன். மெஷினைப் போட்டுட்டு அந்தச் சத்தத்துல மெதுவாத்தான் பேசுவேன். தெனம் துணி போட்டு அலசி அலசி நூலே வந்துடுத்து. அவரும் காதுல ஒயரை மாட்டிண்டு பாட்டு கேட்டுண்டிருப்பார். ஒரு நாள் கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

— அது போவட்டும். மனசுல கீறத கொட்டிட்டீங்க. தப்பு ஒண்ணும் இல்ல.

— தப்பு இருக்கு, பாலு.

— இன்னா?

— போன வெள்ளிக்கிழமை ஒண்ணு சொல்லிட்டேன். அதுக்கு முதல் நாள் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, காலைல கஞ்சியைத் தட்டி விட்டுட்டார், வேணும்னு இல்லை, கை நடுங்கி. துடைச்சுட்டு வந்து பட்டனை அழுத்தினேன். அந்த ஆபரேஷன்லயே போயிருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னு சொன்னேன்.

— மாமி.

— சொன்னேன். இந்த வாயால சொன்னேன். அப்பத்தான் செட்டுலேர்ந்து பொசுங்கின வாசனை வந்தது. எனக்கு நன்னா வேணும்னு நெனச்சேன்.

— அழாதீங்க மாமி. தண்ணி குடிங்க. கேன் தண்ணி தான், நல்லா கீது. முடியாதப்போ யார் வாயிலயும் வர்றது தான். எங்க நைனாக்கு நான் மனசுல சொல்லாததா? நான் செட்டுல சொல்லல, அவ்ளோதான்.

— மறுநாள் காலைல எழுந்து போனா, காபி கலந்து வச்சிருக்கார். அந்த நடுங்கற கையால. ரெண்டு வருஷத்துல அடுப்புப் பக்கம் வந்ததில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கோ. முதல் நாள் அப்படி ஒண்ணைச் சொல்லிட்டு அந்தக் காபியைக் குடிச்சேன்.

— சரி, வுடுங்க. இதுக்கு நான் வழி பண்றேன். தோ, இத்த பாருங்க. வெரல் நீளம் தான் கீது. டம்மி லோடும்பாங்க. ஏரியல் மாட்ற எடத்துல இத்த திருகிடுங்க. நீங்க பேசறது எல்லாம் சூடாயி இதுக்குள்ளயே அடங்கிடும். செட்டும் எரியாது. பேசறது வெளியவும் போவாது, பக்கத்து ரூமுக்குக் கூட போவாது.

— பக்கத்து ரூமுக்குக் கூடன்னா?

— மின்னாடி போய்க்கினு இருந்துதே, அத்த சொன்னேன்.

— ஏரியல் இல்லாம எப்படிப் போகும்?

— கொஞ்சம் கசியும் மாமி. தெருவுக்கெல்லாம் போவாது. இருவதடி, முப்பதடி. அதுக்குள்ள இன்னொரு செட்டு ஆன்ல இருந்தா நல்லாவே கேக்கும்.

— இன்னொரு செட்டுதான் சும்மா கெடக்கே. யாரும் தொடறதில்லைன்னேனே.

— அப்டியா.

— என்ன பாலு, ஏன் அப்படிப் பார்க்கறேள்?

— ஒண்ணுமில்ல. தொடாத செட்டுக்கு இன்னாத்துக்கு மாமி தெனம் சார்ஜு?

— அவருக்கு அது ஒரு வழக்கம்.

— ஆஃப்ல கீற பேட்டரி மாசக்கணக்குல நிக்கும். சார்க்குத் தெரியாதா? சார்ஜர்ல வெச்சதும் லைட்டு பச்சையா இருந்தா, பேட்டரி ரொம்பிக் கீதுன்னு அர்த்தம். செவப்பு எரிஞ்சிக்கினே கீதுன்னு நீங்க தான சொன்னீங்க.

— ஆமாம்.

— அப்போ பகல்ல ஓடிக்கினு கீது.

— அந்த ஒயர்.

— எந்த ஒயரு?

— காதுல மாட்டிண்டிருப்பாரே. இன்னொரு நுனி போன்லதான் இருக்கான்னு நான் பார்த்ததே இல்லை, பாலு.

— மாமி, நான் சும்மா ஒரு கணக்குல சொன்னேன்.

— இல்லை. சரியாத்தான் சொல்றேள். மூணு மணிக்கு எழுந்துக்க முடியலைன்னு நான் பொலம்பின வாரம்தான் அவரே கண்ணாடியைப் பார்த்துண்டு குழாயைச் சுத்தம் பண்ணிக்க ஆரம்பிச்சார். டாக்டர் சொல்லியிருப்பார்னு நெனச்சேன். கோயிலுக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சுன்னேன். அந்தப் பிரதோஷத்துக்குச் சிலேட்டுல "போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்"னு எழுதினார். தற்செயல்னு நெனச்சேன். காபி. அந்தக் காபி கூட.

— பதில் பேச முடியாதவருன்னு சொன்னீங்க.

— வெள்ளிக்கிழமை சொன்னதையும் கேட்டிருக்கார். ஐயோ, கேட்டுட்டுத்தான் காபி கலந்திருக்கார். நான் எந்த மூஞ்சியை வச்சுண்டு ஆத்துக்குப் போவேன்?

— ஏரியல் இல்லாம பேசனா செட்டு எரியும்னு என்ன விட சார்க்கு நல்லா தெரியும். மூணு தபாவும் செட்ட இங்க அனுப்பறது யாரு?

— அவர்தான். "பாலுகிட்ட குடு"ன்னு எழுதிக் காட்டுவார். ஒரு வார்த்தை ஏன்னு கேட்டதில்லை.

— இருங்க, போனு அடிக்குது. சார் தான். மெசேஜு.

— என்ன போட்டிருக்கார்?

— படிக்கவா?

— படிங்கோ.

— "அவளிடம் சொல்லிடாதே பாலு. தெரிஞ்சா பேசறதை நிறுத்திடுவா. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. செட்டு எரிஞ்சா எரியட்டும், மலிவுதானே."

— இன்னொரு தடவை படிங்கோ.

— மாமி, நேரா போய்ச் சொல்லிடுங்களேன். நான் பேசனத எல்லாம் நீங்க கேட்டுட்டீங்கன்னு எனக்குத் தெரியும்னு.

— நேர்ல சொன்னா சிலேட்டை எடுத்து "பரவாயில்லை"ன்னு எழுதிட்டு மூஞ்சியைத் திருப்பிண்டுடுவார். எனக்குத் தெரியும் அவரை. நீங்க எனக்கு ஒண்ணும் சொல்லலை, பாலு. அப்படியே பதில் போடுங்கோ.

— போட்டுடறேன். இந்த டம்மி லோட பைல வெக்கவா?

— அது வேண்டாம். கடையிலயே வச்சுக்கோங்கோ. அந்தப் பார்ட்டை மட்டும் மாத்திக் குடுங்கோ, நான் இருந்து வாங்கிண்டு போறேன்.

— மறுபடியும் எரியும் மாமி.

— எரியட்டும். மலிவுன்னுதான் அவரே சொல்லிட்டாரே, இன்னொரு ஜோடியும் எடுத்துக் கட்டுங்கோ. சீக்கிரம் பாலு, ஆத்துல ஒரு துணி கூட அழுக்கா இல்லை, ஆனாலும் போனதும் மெஷினைப் போடணும்.