தொண்ணூறு கிலோ பாப்பா

மும்பை செம்பூர் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். இடம் கிடைக்காது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற பெண் போனில் சொன்னாள்: "தாயும் பிள்ளையும் சுகம். பொம்பளப் பிள்ள. தொண்ணூறு கிலோ."

வரிசையே திரும்பியது. இவள் புருஷனான தன் தம்பி சஃபாரி பூங்காவில் யானைகளைப் பராமரிக்கிறான், அங்கே யானை குட்டி போட்டிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற அவளுடைய மதினி எல்லாருக்கும் இந்தியில் விளக்கினாள்.

"கம்பிக்கு உள்ள யாரும் போகக் கூடாதுன்னு ரூல் மதினி. குட்டி போட்ட யானை யாரையும் நம்பாதாம். இவுக போயிருப்பாகளோன்னு பயமா இருக்கு."

"போயிருப்பான். ஒன் பிரசவத்துக்கே நர்ஸத் தள்ளிட்டு உள்ள வந்தவந்தான?"

அப்போது அவனிடமிருந்து வீடியோ கால் வந்தது. திரையில் குட்டி மட்டும் தெரிந்தது. கம்பியைக் காணோம்.

"எங்க நிக்கீக?"

"வெளியதாம்ட்டி. போனை மட்டும் உள்ள நீட்டிருக்கேன்."

"பொய் சொல்லாதீக."

சட்டென்று ஒரு தும்பிக்கை வந்தது. படம் தலைகீழாகச் சுழன்று நின்றது. இப்போது திரையில் கம்பிகள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் அவன் தலையில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

அவள் சிரித்த சிரிப்பில் போன் கையில் நிற்கவில்லை.

"வெளியதான் நிக்காக மதினி. போனை யானையே வச்சிக்கிடட்டும்."