குட்டையில விட்ட தவளை

இல்ல டீச்சர், உக்கார வேணாம், பூட்ஸெல்லாம் சேறு. நின்னுக்கிட்டே சொல்லிடறேன். ஆமா, அந்தத் தவளைய நான்தான் விட்டேன். லின்னேயா பொய்யா எதுவும் எழுதல. எம் பொண்ணு மார்க்குல கை வெச்சிராதீங்க.

உங்க மேல கோவமெல்லாம் இல்ல. இந்த பிராஜக்டுக்குக் கேள்வியும் பிள்ளைங்களே கேக்கணும், பதிலயும் அவங்களே தேடணும், பெத்தவங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க. நான் தொறக்கவே இல்லியே. பக்கத்து வீட்டுக் குட்டையில தவளை கத்துது, அப்பா வீட்டுக் குட்டையில மட்டும் ஏன் கத்தலன்னு அவளாத்தான் கேட்டா. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தா ஃபோனப் பாத்துக்கிட்டே கெடப்பா. இப்பல்லாம் சனிக்கிழமை வந்து எறங்கினா நேரா குட்டைக்குத்தான். தண்ணி மொள்ள ஒரு ஜாடியக் கையில வெச்சுக்கிட்டு, தவளை கத்துதான்னு காதத் தீட்டிக்கிட்டு நிப்பா. பேசாதப்பா, காதுல விழலம்பா. நானும் பேசாம நிப்பேன், கொசு புடுங்கும். அதுல அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அப்புறம் கண்டுபிடிச்சுட்டா. பனிக்காலத்துல ஐஸ் உருகறதுக்கு ரோட்டுல உப்பு கொட்டறாங்கள்ல, அது மொத்தமும் கரைஞ்சு எங்க குட்டைக்குத்தான் வருதாம், அதான் தவளை தங்கலையாம். ரெண்டு குட்டைத் தண்ணியையும் அளந்து பாத்துட்டு, முடிஞ்சுதுப்பா, எழுதிக் குடுத்துட வேண்டியதுதான்னா.

மறுநா தூண்டில் கடைக்குப் போய், மீனுக்கு இரையா விக்கற தவளைய ஒரு வாளி வாங்கியாந்து விட்டேன். அது கத்துச்சுன்னா திரும்பவும் மொதல்லேருந்து பாப்பால்ல.

போன சனிக்கிழமை வந்து பாத்தா, பாதி செத்து மிதக்குது. வலையில அள்ளி கரையில போட்டுப் பாத்தா. இது தூண்டில் கடையில விக்கற புள்ளித் தவளை, இங்க கத்தறது சின்னதுன்னா. என்னைக் கேக்கல டீச்சர். கடைக்கு அவளே ஃபோன் போட்டு, இந்தத் தவளைய யாராவது வாங்கிட்டுப் போனாங்களான்னு கேட்டா. நான் பக்கத்துலதான் நிக்கறேன். கடைக்கார வெர்ஜில் எம் பேரச் சொன்னது எனக்கே கேட்டுச்சு. தேங்க்ஸ்னு சொல்லி வெச்சுட்டா. டுலூத் டவுன்ல அவங்கம்மா வீட்டு வாசல்ல எறங்கற வரைக்கும் ஜன்னலயே பாத்துக்கிட்டு வந்தா.

என்ன எழுதியிருக்கா? யாரோ கொண்டாந்து விட்ட தவளைன்னா? யாரோன்னு மட்டும்தானா, பேர் போடலையா?

சரி. அப்ப ஒண்ணு பண்ணுங்க டீச்சர். இது பத்தாது, இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு வான்னு திருப்பிக் குடுத்துருங்க. ஏதாவது ஒரு கேள்வி பாக்கி இருக்காதா? நீங்க சொன்னா கேப்பா. மார்க்க நல்லாவே போடுங்க, முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்.

ஏன்னா... கோர்ட்டுல ஜட்ஜம்மா அவளத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க, அப்பா வீட்டுக்குப் போக இஷ்டமான்னு. இந்த பிராஜக்ட் முடியற வரைக்கும் போறேன்னு சொல்லியிருக்கா.