பந்தல் போட வந்தவர்

— செருப்ப வெளிய கழட்டிப் போட்டுட்டேம்மா. அது சரிதான?

— சரிதாண்ணே. ஆனா இன்னிக்கு ஆராதனை எதுவும் இல்லையே. நான் கோயிலக் கூட்டிப் பெருக்க வந்தேன். யாரப் பாக்கணும்?

— யாரையும் பாக்கல… எடத்தத்தான் பாக்கணும்.

— எடத்தையா?

— நாளைக்கழிச்சு இங்க ஒரு கல்யாணமாம்ல? நான் பந்தல்… பந்தல் போடுறவன்.

— ஓ… பந்தல்காரரா!

— ஆமா.

— அளவெடுக்க டேப்பு கொண்டாரலையாண்ணே?

— கண்ணாலயே அளந்துருவேன் தாயி. எம்புட்டு வருசத் தொழிலு.

— அப்பச் சரி. அளங்க, அளங்க. நான் பாட்டுக்குப் பெருக்குறேன்.

— …ஒரு சந்தேகம் தாயி.

— கேளுங்கண்ணே.

— பொண்ணு எந்த வழியா வரும்?

— இந்தப் பெரிய வாசல்ல இருந்து, ரெண்டு பக்கப் பெஞ்சுக்கும் நடுவால. அந்தா, மேசை வரைக்கும்.

— தனியாவா?

— தனியா எதுக்கு வருது? அப்பா கையப் புடிச்சுக்கிட்டு வரும்.

— எந்தக் கைய?

— பந்தலுக்கு எதுக்குண்ணே கை?

— இல்ல… அகலம் தெரியணும்ல. ஒத்தையா நடந்தா ஒரு அகலம், சோடியா நடந்தா ஒரு அகலம்.

— பந்தல் வெளியதான போடுவீங்க? இது உள்ளயில்ல இருக்கு? சரி சரி, கேட்டது தப்புத்தான். தொழில்ல ஆயிரம் இருக்கும். ஏண்ணே, இதுக்கு முன்னாடி வேதக்கோயிலுக்குப் போனதே இல்லையா?

— போகாம என்ன? போன மாசம்தான் இந்த ஊரு மாதா கோயிலுக்குப் போனேன். 

— அங்கயும் பந்தலா?

— ம்… பந்தலுதான். அது நல்லா இருந்துச்சு தாயி. மாதாவுக்குச் சேல கட்டி, மால போட்டு, மெழுகுதிரி பொருத்தி… நம்ம அம்மன் கோயில் கணக்காவே இருந்துச்சு. மொழங்கால் போடுறதுதான் செரமம். போட்டா எந்திரிக்க முடியல. எந்திரிச்சா மறுபடி போடச் சொல்றாக.

— ஹ ஹ… அப்புறம்?

— அப்புறம் எல்லாரும் வரிசையா போனாக. வெள்ளையா, வட்டமா ஏதோ குடுத்தாக. பெரசாதம்னு நானும் போயி நின்னேன்.

— அய்யய்யோ! அது நற்கருணைல்ல, ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குத்தான குடுப்பாங்க! 

— ரெண்டு கையையும் ஏந்திட்டேன். அந்தச் சாமியாரு என்னயப் பாத்தாரு. என் நெத்தியில துன்னூறு. கூட்டமே பாக்குது. எனக்கு மானம் போச்சு. ஆனா அவரு ஒன்னும் சொல்லல தாயி. எந்தலையில கைய வச்சு, நல்லா இரும்னு சொல்லி அனுப்பிவிட்டாரு.

— நல்ல மனுசன்.

— நல்ல மனுசன்தான். பெறகு… அதுக்கு அடுத்த வாரம், உரக்கடைக்கு மேல மாடில ஒரு சபை இருக்குல்ல? 

— பெந்தெகொஸ்தே சபையா? அங்கயுமா போனீங்க?

— போனேன். ஆத்தே! கொட்டு என்ன, கைதட்டு என்ன… எல்லாருக்கும் வெள்ளச் சட்ட, வெள்ளச் சேல. ஒருத்தர் கழுத்துலயும் பொட்டுத் தங்கம் இல்ல. எம்பக்கத்துல இருந்தவரு கண்ண மூடிக்கிட்டு என்னமோ பாஷ பேசுறாரு. நானும் தட்டினேன் தட்டினேன், கை ரெண்டும் செவந்து போச்சு. கடைசில மைக்கக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டாக!

— பந்தல்காரருக்கு மைக்கா?

— சாட்சி சொல்லுங்கன்னாக. எனக்கு என்ன தெரியும்? எம்புள்ள… எம்புள்ளைன்னு ஆரம்பிச்சேன். அழுதுட்டேன் தாயி. அம்புட்டுப் பேரும் அல்லேலூயான்னுட்டாக. அன்னில இருந்து ஒரு தம்பி தெனமும் போன் போடுறாரு, ஞானஸ்நானம் எப்ப எடுக்கப்போறீகன்னு. என்ன சொல்லிச் சமாளிக்கன்னு தெரியல.

— ஹ ஹ ஹ… மாதா கோயில்ல மொழங்கால் வலி, மாடியில கை வலி. எங்க சி.எஸ்.ஐ. கோயில்ல ரெண்டும் கெடையாதுண்ணே. 

— இங்க என்ன?

— எந்திரிச்சுப் பாடச் சொன்னா எந்திரிக்கணும். உக்காரச் சொன்னா உக்காரணும். பெரசங்கத்துல தூக்கம் வரும். அதத் தாங்கிக்கிட்டாப் போதும்.

— பள்ளிக்கூடம் மாதிரியா?

— அதேதான். வாத்தியாருக்குப் பதிலா அய்யரு.

— அய்யரா? இங்கயுமா?

— எங்க பாதிரியாரத்தான் அப்படிச் சொல்லுவோம். 

— ஓ… தாயி, இங்க நக போடலாம்ல? மாடில கம்மலக்கூட கழட்டச் சொல்லுவாகளாம். தாலியே கெடையாதாம். அதக் கேட்டதுல இருந்து ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்குறேன்.

— நகையும் போடலாம், தாலியும் உண்டு. மஞ்சக் கயித்துலயே கட்டுவோம். ஏண்ணே, பந்தல்காரரு இதுக்கெல்லாமா தூங்காம கெடப்பாரு?

— நமக்கும் ஒரு மனசு இருக்குல்ல… சேல? சேல வெள்ளதானாம்ல? கல்யாணப் பொண்ணுக்கு வெள்ளச் சேலையா தாயி?

— எங்கள்ல வெள்ளதாண்ணே வழக்கம். ஆனா இந்தப் பொண்ணுக்கு மாப்ளயோட அம்மாவே போயி சந்தனக் கலருல எடுத்துருக்கு. அரக்குக் கரை. பொண்ணோட அப்பா வந்து பாத்தா மனசு சங்கடப்படக் கூடாதுன்னு.

— அவுகளா? அந்தம்மாவா எடுத்தாக?

— ஆமா.

— அந்தம்மா… எப்படிப்பட்டவுக? கடுசா?

— வாய் சாஸ்திண்ணே. வாயத் தொறந்தா மூடாது. 

— கோவம் இருக்கும்ல அவுகளுக்கு? பொண்ணோட அப்பன் பத்திரிகையக் கையால தொடாம திருப்பி அனுப்பிச்சிட்டானாமே.

— இருந்துச்சு. ரெண்டு நாளு சோறு எறங்கல. நம்ம வாசல்ல வந்து நிக்கக்கூட ஒரு மனுசனுக்குக் கேவலமா இருக்கான்னு அழுதுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்து மடியில படுத்து அழுகவும், கோவம் போன எடம் தெரியல.

— அழுதாளா?

— அப்பா வரமாட்டாருன்னுதான் அழுதுச்சு. வேற எதுக்கு அழுகப் போகுது? ஒக்காருங்கண்ணே. நின்னுக்கிட்டே இருக்கீங்க. இந்த மொதப் பெஞ்சுலயே ஒக்காருங்க.

— இதுல ஒக்காரலாமா?

— பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத்தான் இது. தொடச்சு வச்சுட்டேன்… அந்த அப்பாவுக்கு என்னதான் கோவமாம்? பந்தல் போடுறவுக காதுல விழாத சேதியா?

— கோவம்னு சொல்ல முடியாது தாயி. ரெண்டு பேரும் கப்பலூருல ஒரே கம்பெனி. கம்பெனி பஸ்ஸுல பழக்கம். ஊருக்கே தெரிஞ்ச பெறகுதான் அப்பனுக்குத் தெரியுது. பரீச்சையில பெயிலானதக்கூட அப்பங்கிட்டதான் மொதல்ல வந்து சொல்லுற புள்ள அது. இத மட்டும் சொல்லல.

— பயந்துருக்கும்ணே.

— அப்பனப் பாத்து என்ன பயம்?

— அப்பா திட்டுவாருன்னு இல்லையாம். அப்பா அழுதுருவாருன்னுதான் பயமாம்.

— யாரு சொன்னா?

— அந்தப் பொண்ணே சொல்லுச்சு.

— …தண்ணி இருக்கா தாயி?

— இந்தாங்க. மெதுவாக் குடிங்க.

— சாமி மட்டும் வேறயா இருந்தா அவரு என்னைக்கோ வந்துருப்பாரு. கும்புட்டா எல்லாம் ஒன்னுதான். ஊர்க்காரன் பேசுறது சாமியப் பத்தி இல்லையே. சாதி, சனம் எல்லாமே வேறல்ல?

— தெரியும்ணே. எங்களுக்கு அது ஒவ்வொரு நாளும் தெரியும்.

— …தப்பாப் பேசிட்டேனா?

— இல்ல. மனசுல வச்சுக்கிட்டு வெளிய சிரிக்கிறதுக்கு இது தேவல. அந்தப் பொண்ணோட அப்பாவுக்குக் கோயில் எதுன்னாச்சும் தெரியுமா? பத்திரிகையத்தான் தொடலயே.

— எப்படித் தெரியும்? சர்ச்சுல கல்யாணம்னு மட்டும் காதுல விழுந்துச்சு. இந்தச் சின்ன ஊருல இம்புட்டு சர்ச்சு இருக்கும்னு அவரு கண்டாரா? வீட்டுல பொண்டாட்டி ஒச்சாயிகிட்டயும் பேச்சில்ல. அந்த ஒச்சாயி நேத்து போன்ல, பெரிய மணி தொங்குற கோயில்னு யாருக்கோ சொல்லிக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம்தான்… 

— அதுக்கப்புறம்தான்?

— …அவருக்குத் தெரிஞ்சுச்சாம்.

— ம்… அவரு வரலைன்னா என்ன, தாய்மாமன் விருமாண்டிதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரப்போறாராம்.

— யாரு, விருமாண்டியா? அவனா?

— ஏண்ணே?

— அவன் காலையிலயே நேரா நடக்க மாட்டானே! பொம்பளப் புள்ளையக் கையில குடுத்தா சேலைய மிதிச்சு ரெண்டு பேருமா உருளுவாக!

— பந்தல்காரருக்கு விருமாண்டிய அம்புட்டு நல்லாத் தெரியுமா?

— …தொழில்ல பழக்கம்.

— சரிதான். அவரு சேலைய மிதிக்கிறது கூடப் பரவால்லண்ணே. இங்க வந்து நின்ன ஒடனே அய்யரு ஒரு கேள்வி கேப்பாரு. அதுக்கு பதில் சொல்லணும்.

— கேள்வியா? என்ன கேள்வி? பைபிள்ல இருந்தா?

— பயப்படாதீங்க. இந்தப் பொண்ண இந்தப் பையனுக்குக் கட்டிக் குடுக்கிறது யாருன்னு கேப்பாரு. அவ்வளவுதான்.

— என்ன சொல்லணும்?

— நான்னு சொல்லணும். சொல்லிட்டு, பொண்ணு கைய எடுத்து அய்யரு கையில குடுக்கணும். அவரு மாப்ள கையில குடுப்பாரு. அப்புறம் அப்பா வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்துக்கலாம்.

— ஒத்த வார்த்தைதானா?

— ஒத்த வார்த்தைதான்.

— சத்தமாச் சொல்லணுமா?

— கேக்குற மாதிரிச் சொன்னாப் போதும். நீங்க வேணா சொல்லிப் பாருங்களேன். கோயில்ல எதிரொலி எப்படி இருக்குன்னு தெரிஞ்சா, பந்தலுக்கு ஒதவும்ல?

— ஹூம்… நா… 

— ம்.

— நா… வரல தாயி. 

— பரவால்லண்ணே. விடுங்க.

— சிவராத்திரிக்குக் குலசாமி கோயில்ல அம்புட்டுக் கூட்டம் இருக்கும். எஞ்சுண்டு வெரலத்தான் புடிச்சுக்குவா. புடிச்சா விடமாட்டா. அத நானா எடுத்து இன்னொருத்தர் கையில குடுக்கணும்னா… எப்படித் தாயி?

— …பெத்தவங்களுக்கு ரெண்டு பக்கமும் அதே கஷ்டந்தாண்ணே. புள்ளையப் பெத்தவளுக்கும் இருக்கும்.

— இருக்கும். இருக்கும்… அப்ப நான் கெளம்புறேன். கல்லுப்பட்டி பஸ் வந்துரும். 

— அண்ணே, இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?

— ஒன்னே ஒன்னு. நெத்தியில துன்னூறு பூசிக்கிட்டு இங்க வரலாமா? அந்த அப்பன்… அவரு பூசாம வெளிய எறங்க மாட்டாரு.

— நெத்திய அழிச்சுட்டு வரச் சொல்ல நாங்க யாருண்ணே? பூசிக்கிட்டே வரட்டும். அந்தப் பொண்ணுக்கு அப்பா மொகம் அப்படியே இருந்தாத்தான நல்லா இருக்கும்.

— …நல்லா இரு தாயி. வாரேன்.

— வாங்க. பந்தல எப்ப வந்து போடுவீங்க?

— பந்தலா? அது… நாளைக்குக் காலையில வந்து…

— பந்தல் நேத்தே போட்டாச்சுண்ணே. 

— போட்டாச்சா?

— அதுக்குக் கீழதான் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வந்தீங்க. தலையத் தூக்கிப் பாத்தாத்தான!

— …அப்ப நீங்க… வந்ததுல இருந்தே தெரியுமா?

— வாசல்லயே தெரியும். உங்க மக தாமர போன்ல உங்க போட்டோதான் மொகப்புல இருக்கு. தெனமும் பாக்குறேன். 

— நீங்க யாரு தாயி?

— வாய் சாஸ்தின்னு சொன்னேன்ல? அந்தம்மாதான். சூர்யபிரகாஷ் அம்மா தமிழ்வாணி. வரமாட்டேன்னு சொன்ன மனுசனுக்குப் பெஞ்சத் தொடச்சு வச்சுட்டுப் போவோமேன்னுதான் வந்தேன். நீங்களே வந்து ஒக்காந்துட்டீங்க. அழுகாதீங்கண்ணே. அய்யரு மாதிரி நான் ஒருக்காக் கேக்குறேன், சொல்லுங்க. தாமரைச்செல்விய எங்க சூர்யாவுக்குக் கட்டிக் குடுக்கிறது யாரு?

— நாந்தேன்… நாந்தேன் சம்பந்தியம்மா.