ஹாவிஸின் மூன்று ஜன்னல்கள்

அன்று காலைக் கஞ்சியில் உப்பு குறைவாக இருந்தது. வாற்கோதுமையும் லீக் வெங்காயத் தண்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. ஜன்னல் வழியாகக் கிண்ணத்தை நீட்டினேன். என் தங்கை ஹாவிஸ் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "என்னண்ணே, உப்புப் பானைய யாருக்காவது சீதனமா குடுத்துட்டியா?" என்றாள். நாளைக்குக் கூடப் போடுகிறேன் என்றேன். அதன் பிறகு அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வேறொன்று சொன்னாள். அதை அதன் இடத்தில் எழுதுகிறேன்.

சாமி, மறைமாவட்டத்தின் புதிய மேற்றிராணியார் உங்களை அனுப்பியிருக்கிறார். வருகிற வாரம் நீங்கள் எங்கள் கோயிலின் வடக்குச் சுவரைத் திறந்து, ஹாவிஸின் எலும்புகளை எடுத்து, ஜனங்கள் வணங்க வெள்ளிப் பேழையில் வைக்கப்போகிறீர்கள். நேற்று என் படங்களைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னீர்கள். அதனால்தான் கொத்தர்கள் வருவதற்கு முன் இதை எழுதிக் கொடுக்க நினைத்தேன். நான் சுவரில் படம் எழுதுகிறவன். படங்களுக்கு அடியில் வேத வாக்கியங்களைத் தீட்டித் தீட்டியே எழுத்துப் பழகியவன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாவிஸ் இருபத்திரண்டு வயதில், உலகத்தை விட்டுச் சாகும்வரை ஜெபத்தில் இருக்க, கோயில் சுவரை ஒட்டிய அறையில் தன்னை வைத்து அடைத்துவிடக் கேட்டாள். பழைய மேற்றிராணியார் வந்தார். வழக்கப்படி அவளைத் தரையில் கிடத்தி, கறுப்புத் துணி போர்த்தி, இறந்தவர்களுக்கான பூசையை முழுவதும் பாடினார்கள். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் தைலத்தை நெற்றியில் பூசினார்கள். அவள் எழுந்து அறைக்குள் போனாள். உள்ளே அவளுக்கான குழி பாதி தோண்டிக் கிடந்தது. மீதியை அவளே நாளும் கொஞ்சம் தோண்ட வேண்டும். கொத்தர் வாசலைக் கல் வைத்துக் கட்டினார். நான் பக்கத்தில் நின்று சாந்து குழைத்தேன். அன்று அழுதேன். எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை.

மூன்று ஜன்னல்கள் விட்டார்கள். ஒன்று கோயிலுக்குள், பீடத்தைப் பார்க்க. ஒன்று தெருவுக்கு, ஜெபம் கேட்டு வருகிறவர்களுக்காக. அதில் கறுப்புத் திரை, முகம் தெரியாது. மூன்றாவது பின்கட்டுக் கொட்டகைக்குள் திறக்கும். சோறு உள்ளே போவதும் மலச்சட்டி வெளியே வருவதும் அதன் வழியாக. ஊழியம் செய்த கிழவி செத்த பிறகு அந்த மூன்றாவது ஜன்னல் எனக்கு வந்தது.

ஹாவிஸ் பாடுவாள். அதைக் கேட்கத்தான் மூன்று நாள் நடையில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் அவள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். பங்குச் சாமி ஓடோ என்னைப் படம் எழுதச் சொன்னார். வடக்குச் சுவரில், பரலோகத்துக் கன்னியர் வரிசையில் அவளை எழுதினேன். வெள்ளை முகம், ஒட்டிய கன்னம், கையில் லில்லிப் பூ. ஜனங்கள் அந்தப் பாதத்தை முத்தமிட்டு முத்தமிட்டு விரல்கள் அழிந்துபோயின. வருஷத்துக்கு இரண்டு முறை திரும்ப எழுத வேண்டியிருந்தது.

நான் மட்டும் தினமும் மூன்றாவது ஜன்னலில் நின்றேன். சாமி, அங்கே வந்த கை லில்லிப் பூ பிடித்த கை இல்லை. நகங்களுக்கடியில் குழி மண்ணும் பேன் ரத்தமும். மண்டியிட்டு மண்டியிட்டு முழங்காலில் புண்; அதிலிருந்து வடிந்தது துணியோடு ஒட்டிக் காய்ந்து, அவள் அதை உரிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். பற்கள் போய்விட்டன. நடக்க இடமில்லாமல் உடம்பு ஊதி, ஈரச் சாக்கு மூட்டைபோல ஆகிவிட்டாள். கஞ்சியை உறிஞ்சும்போது தாடை வழியே ஒழுகும். அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அதே கையால் என் கையைத் தொடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் தூப வாசனையை அவளுடைய வாசனை என்று சொல்லிக்கொண்டார்கள். நான் கொட்டகையை விட்டு வந்ததும் சுண்ணாம்பு நீரில் கை கழுவுவேன். தோல் வெந்து உரியும். அது பரவாயில்லை என்றிருந்தது.

அவள் சிரித்துக்கொண்டே இருந்ததுதான் எனக்கு மிகவும் சகிக்கவில்லை. பன்றிக் குடல் பொரியலைப் பற்றிப் பேசுவாள். "தெருச் சன்னல்ல ஒருத்தி வந்து புருஷன் குறட்டைக்கு ஜெபம் கேட்டாண்ணே. அவன் மூக்குல ஒரு குத்து விடுடீன்னேன். ஆமென்னு சொல்லிட்டுப் போறா" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை, நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, நான் வெளிய வரணும்."

"விளையாடாத."

"பதினோரு வருஷம் பாத்துட்டேன். ஆண்டவர் இங்க இல்ல. இருந்திருந்தாலும் இந்த நாத்தத்துக்கு மூக்கப் பொத்திட்டு எப்பவோ போயிருப்பாரு."

"ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"ஒரு குளியலப் போடுறேன், அப்புறம் சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை நற்கருணை குடுக்க ஓடோ சாமி சன்னலுக்கு வருவாருல்ல, அப்ப எல்லார் முன்னாலயும் கேப்பேன். நீ கடப்பாறையோட நில்லுண்ணே. வேற யாரு இருக்கா எனக்கு?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த உடம்பு கோயில் நடுவில், என் படத்துக்குக் கீழே வந்து நிற்கும். பாதத்தை முத்தமிட்டவர்கள் வாயைத் துடைத்துக்கொள்வார்கள். அவளை அந்த அவமானத்திலிருந்து காப்பாற்ற வேண்டியது அண்ணனுடைய கடமை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்று மதியமே ஓடோ சாமியிடம் போய், இந்தத் தவக்காலம் முழுவதும் மூன்று ஜன்னல்களையும் அடைத்துவிட்டு நோன்பிருக்க ஹாவிஸ் விரும்புகிறாள் என்றேன். அவர் கண்கலங்கினார். "நாமெல்லாம் நெத்திலி தின்னுட்டு நோன்புன்னு சொல்லிக்கிறோம், பாத்தியா" என்றார். தவக்காலத்தில் கோயிலின் எல்லாப் படங்களையும் திரை போட்டு மூடிவிடுவது உங்களுக்குத் தெரியும். வடக்குச் சுவருக்கும் கூரையிலிருந்து தரைவரை திரை விழுந்தது. அதன் பின்னால் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

ஹாவிஸிடம், பனியில் சுண்ணாம்பு உதிர்கிறது, ஜன்னல்களை அடைத்து ஓரங்களைப் பூசிவிட்டு ஞாயிறன்று திறந்துவிடுகிறேன் என்றேன். தெரு ஜன்னலை அடைக்கும்போது அவள் உள்ளிருந்து விளக்குப் பிடித்தாள். கோயில் ஜன்னலுக்கும் பிடித்தாள். "இடது பக்கம் சந்து தெரியுதுண்ணே" என்று காட்டிக்கொடுத்தாள். மூன்றாவது ஜன்னலுக்கு வந்தபோது, "கஞ்சிய மொதல்ல குடுத்துட்டுப் பூசேன்" என்றாள்.

"பூசிட்டுத் தர்றேன்" என்றேன்.

உள்ளே ஒரு குடம் தண்ணீர் இருந்தது. அதனால் ஒன்பது நாள் ஆயிற்று.

முதல் இரண்டு நாள் கத்தினாள். நம் கோயில் சுவர் மூன்று முழக் கனம். கத்தினால் வெளியே வெறும் இரைச்சல்தான் கேட்கும், காற்று என்று நினைத்துக்கொள்வார்கள். பாட்டு மட்டும்தான் அந்தக் கல்லைத் தாண்டி வரும். அது அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் மாலை ஜெபத்தின்போது அவள் பாடத் தொடங்கினாள். வேதத்திலுள்ள தவக்கால சங்கீதப் பாட்டு. பாடகர்கள் உடனே சேர்ந்து பாடினார்கள். அவள் குரலை உயர்த்தினாள். அவர்களும் உயர்த்தினார்கள். சுவரில் தட்டினாள். ஓடோ சாமி, "தாளம் போடுறா பாரு" என்று என் காதில் சொன்னார். "பட்டினி கெடந்தாத்தான்டா குரல் இப்படித் தெளியும்."

நான் திரைக்குப் பின்னால் ஈரச் சுண்ணாம்பின் மேல் வேலை செய்துகொண்டிருந்தேன். ஜன்னல் இருந்த இடத்தில் அவளையே திரும்ப எழுதினேன். மற்ற இடமெல்லாம் காய்ந்தது. வாய்க்கு நேராக ஒரு உள்ளங்கை அளவு மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் அவள் வாயை வைத்துப் பாடியிருக்க வேண்டும். சுரண்டிவிட்டு மூன்று முறை பூசினேன். பத்தாம் நாள் அது காய்ந்தது.

பாட்டு நின்றதை மௌன நோன்பு என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். தவக்காலம் முடிந்து உயிர்ப்புத் திருநாளன்று திரையை இறக்கியபோது விழுந்து வணங்கினார்கள். ஹாவிஸ் பெரிய வியாழனன்று குழிக்குள் படுத்துக் கண்மூடிவிட்டாள், பின்கட்டுச் சந்து வழியாகப் பார்த்தேன் என்று சொன்னேன். குழி உள்ளேயே இருந்ததால் யாரும் சுவரைத் திறக்கவில்லை.

நீங்கள் திறக்கும்போது குழி காலியாக இருக்கும். அவள் கோயில் பக்கச் சுவரடியில் கிடப்பாள். விரல் எலும்புகளைப் பார்த்துப் பதற வேண்டாம். அடைத்தவன் நான், அவள் உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்தே அடைத்தேன். கொன்றான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இறந்தவர் பூசையை அதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன்பே பாடி முடித்த ஒருத்தியை எப்படிக் கொல்வது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வேண்டுகோள்: பின்கட்டு வழியாக உடையுங்கள். முன்பக்கத்தில் உளி பட்டால் முகம் உதிர்ந்துவிடும்.

இப்போதும் தினமும் மாலை ஜெபத்துக்குப் போகிறேன். தவக்கால சங்கீதத்தின் நான்காம் அடியின் நடுவில் நம் பாடகர்கள் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். வேறு எந்தக் கோயிலிலும் அங்கே நிறுத்தம் இல்லை. ஒன்பதாம் நாள் அவளுக்கு அங்கே மூச்சு நின்று நின்று வந்தது. அவள் சேர்ந்துகொள்ளட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். இன்றும் அந்த இடம் வந்தால் காத்திருக்கிறார்கள்.